உச்சிமலைக்கு ஒரு நீதி, படுவான்கரைக்கு வேறொரு நீதியா?

படுவான்கரையில் வயல் விதைக்கும் விவசாயிக்கும், நுவரெலியாவுக்கு அப்பால் ஏறக்குறைய ஏழாயிரம் அடி உயரத்தில் பனிமூடிக் கிடக்கும் ஹோட்டன் சமவெளிக்கும் யாது தொடர்பு என்று கேட்போர் நம்மிடையே உளர். ‘அது வெள்ளைக்காரத் துரைமார் வேட்டையாடிய காடு, இன்று உல்லாசப் பயணிகள் படம்பிடிக்கும் காடு, எமக்கு அங்கே என்ன அலுவல்?’ என்பது அவர்தம் வினா. மேலெழுந்தவாரியாக நோக்கினால் நியாயமான வினாவே. ஆயினும், அந்த மலையில் பிறக்கும் ஆறு எங்கே போகிறது, அங்கே வாழ்ந்த யானைக்கு என்ன நேர்ந்தது, அந்தக் காட்டைக் காத்த சட்டம் யாரைக் காக்க மறந்தது என்பவற்றை ஆராய்ந்து பார்ப்பவர், அந்த மலையின் வழக்கில் நாமும் ஒரு தரப்பினர் என்பதை உணர்வர்.

முதலில் ஆற்றைப் பார்ப்போம். ஹோட்டன் சமவெளியின் பரப்பு 3,160 ஹெக்டேயர் மட்டுமே. நாட்டின் தேசியப் பூங்காக்களுள் அது சிறியது. ஆனால் அது செய்யும் பணியோ பெரிது. தெற்கே இறங்கும் பெலிகுல் ஓயா வளவை கங்கைக்குச் செல்கிறது. பொகவந்தலாவைப் பக்கமாக இறங்கும் நீர் களனி கங்கைக்குச் செல்கிறது. அக்கரபத்தனைப் பக்கமாக இறங்கும் ஆக்ரா ஓயா கொத்மலை வழியே மகாவலிக்குச் செல்கிறது. கிரிகல்பொத்தை, தொட்டுபொல என்னும் சிகரங்களைச் சூழ்ந்த காட்டில் மரங்கள் குட்டையானவை. அவற்றின் கிளைகளெல்லாம் பாசி படர்ந்தவை. மழை பெய்யாத நாளிலும் அந்த மரங்கள் மேகத்தையும் மூடுபனியையும் தடுத்து நிறுத்தி, அவற்றின் ஈரத்தைத் துளித்துளியாக மண்ணில் இறக்குகின்றன. மண்ணோ அந்த நீரைப் பஞ்சுபோல் தாங்கி வைத்து, கோடையிலும் ஓடைகள் வற்றாது கசியவிடுகிறது. மனிதன் கட்டிய குளத்துக்கு அணையும் மதகும் வேண்டும். இயற்கை அமைத்த இக்குளத்துக்கு வேண்டியது தீண்டாமல் விட்டுவைப்பது ஒன்றே.

அந்த நீர் முழுவதும் நம் வாய்க்காலுக்கு வருகிறது என்று நாம் வாதிடவில்லை. உன்னிச்சையும் உறுகாமமும் நவகிரியும் தத்தமக்குரிய வேறு நீரேந்து பகுதிகளைக் கொண்டவை. ஆனால் மகாவலியின் ஒரு கூறு மினிப்பேயில் திருப்பப்பட்டு, உல்கிட்டிய, ரத்கிந்த நீர்த்தேக்கங்கள் வழியாக, 1983 ஆம் ஆண்டில் நிறைவேறிய மாதுறு ஓயா நீர்த்தேக்கத்தை அடைகிறது. அந்த மாதுறு ஓயாவின் கடைவாய் வாழைச்சேனைப் பகுதியில் இருக்கிறது. மகாவலியின் மற்றொரு கிளை வெருகல் ஆறாக நம் மாவட்டத்தின் வட எல்லையை வருடிச் சென்று கடலில் கலக்கிறது. அக்கரபத்தனை மலையில் விழுந்த துளி வாகரைக்கு அண்மையிலும் வாழைச்சேனைக்கு அண்மையிலும் கடலைக் காண்கிறது என்றால், இந்த உறவை மறுப்பார் யார்?

இதனை மெய்ப்பிக்க 2025 நவம்பர் மாதக் கடைசியில் வீசிய டித்வா புயல் ஒன்றே போதும். மலையகத்தில் சரிவுகள் இடிந்து தோட்டக் குடியிருப்புகளையும் கிராமங்களையும் புதைத்தன. நாடெங்கும் 600க்கு மேற்பட்ட உயிர்கள் பறிபோயின. மேலே பெய்த மழை கீழே மகாவலி வெள்ளமாகி, திருகோணமலை மாவட்டத்தில் மாவிலாற்று அணைக்கட்டை உடைத்துக்கொண்டு வயல்களில் பாய்ந்தது. 1978 நவம்பர் 23 ஆம் நாளின் சூறாவளியைக் கண்ட மட்டக்களப்பு மக்களுக்குப் புயலின் கொடுமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அத்தகைய பெருமழையை எந்தக் காடும் முற்றாகத் தாங்கிவிடும் என்று கூறுதல் மிகை. ஆனால் காடு அழிந்த சரிவும் காடு நின்ற சரிவும் ஒரே அளவில் இடிவதில்லை. காட்டிலிருந்து வரும் வெள்ளமும் மொட்டை மலையிலிருந்து வரும் வெள்ளமும் ஒரே வேகத்தில் வருவதில்லை. இது விவசாயி நன்கறிந்த உண்மை.

அப்படியாயின் மலைக்காடுகள் எவ்வாறு அழிந்தன? இங்கேதான் சட்டம் வருகிறது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் ஆக்கிரமிப்புக் கட்டளைச் சட்டம், உறுதி காட்ட முடியாத காடும் தரிசும் முடிக்கே உரியன என்று கொள்ளும் அனுமானத்தை ஏற்படுத்தியது. அந்த ஒரு வாசகத்தால் மலைநாட்டுக் காடுகள் துரைமாரின் கோப்பித் தோட்டங்களாக மாறின. 1869 இல் கோப்பி இலைகளை நோய் பற்றியதும், மாண்டது கோப்பிதான், காடு மீளவில்லை, தேயிலை வந்தது. அந்தத் தேயிலைக்கு நீரும் உரமுமாகத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட நம் சகோதரரின் வியர்வை ஊற்றப்பட்டது.

காட்டோடு யானையும் போயிற்று. மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் என்னும் ஓர் அதிகாரி மட்டும் 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தினார் எனக் குறிப்புகள் கூறுகின்றன. யானையைக் கொன்றவருக்கு அரசே வெகுமதி வழங்கிய காலம் அது. வட மாகாணத்தில் 1848க்கு முந்திய மூன்றாண்டுகளுக்கும் குறைந்த காலத்தில் ஏறத்தாழ 3,500 யானைகளுக்கு வெகுமதி கொடுக்கப்பட்டதாக எமர்சன் ரெனன்ற் எழுதிவைத்துள்ளார். நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் வேட்டை நாய்களோடு மரைகளைத் துரத்திய வெளியில் இன்று அவர் பெயரால் ஒரு நீர்வீழ்ச்சி இருக்கிறது. தோட்டத்துரை தோமஸ் பாரின் பெயர் தாங்கிய வேட்டை விடுதி இன்று பூங்காவுக்கு வருவோரின் நிலையமாக விளங்குகிறது. கொன்றவர் பெயர் நிலைத்தது. கொல்லப்பட்ட யானையின் சுவடும் மறைந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியோடு ஹோட்டன் சமவெளியில் யானை இல்லை என்றாயிற்று. ஈரவலயத்தில் சிவனொளிபாதமலைப் பக்கத்திலும் சிங்கராசாவிலும் எஞ்சியவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. நாட்டின் யானைகள் ஏறக்குறைய அனைத்தும் இன்று உலர்வலயத்திலேயே வாழ்கின்றன. அதாவது, நமது வயல்களின் ஓரத்தில் வாழ்கின்றன.

எனினும் ஹோட்டன் சமவெளி எவ்வாறு தப்பிற்று? 1873 இல், இலண்டன் கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டவேண்டாம் என்று அரசுக்கு ஆலோசனை கூறினார். தோட்ட நிலத்துக்கு நாக்கைத் தொங்கவிட்டிருந்த காலத்தில் அந்த ஆலோசனை ஏற்கப்பட்டது வியப்பே. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பின்னர் வந்தது. 1960களில் அந்தச் சமவெளியிலேயே உருளைக்கிழங்கு பயிரிடப்பட்டதும் உண்டு. 1969 டிசெம்பர் 5 ஆம் நாள் அது சரணாலயமாகவும், 1988 மார்ச் 18 ஆம் நாள் தேசியப் பூங்காவாகவும் பிரகடனம் செய்யப்பட்டது. 2010 இல் யுனெஸ்கோ அதனை இலங்கையின் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமையின் ஒரு பகுதியாக ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டில், அற்றுப்போயிற்றோ என்று ஆய்வாளர் நெடுங்காலம் அஞ்சிய மலைத் தேவாங்கின் முதல் நிழற்படங்களும் உலகுக்குக் கிடைத்தன. விட்டுவைத்தால் காடு மீளும் என்பதற்கு உள்ளங்கையளவு உடலும் உருண்டைக் கண்ணும் கொண்ட அந்த உயிரே சாட்சி.

ஆனால் பிரகடனம் மட்டும் காவலாகிவிடாது. 1970களின் கடைசியிலிருந்து அந்தக் காட்டில் மரங்கள் உச்சியிலிருந்து பட்டுக்கொண்டு வருகின்றன. கீன மரமே மிகுதியாகப் பாதிக்கப்பட்டது. வறட்சியா, மண்ணின் குறையா, சமவெளிகளிலிருந்து காற்று ஏந்திவரும் நச்சா என ஆய்வாளர் இன்றும் விவாதிக்கின்றனர். ஆங்கிலேயர் கொண்டுவந்த மஞ்சள் பூவுடைய கோர்ஸ் முட்புதர் புல்வெளியில் படர்கிறது. அவர்கள் தூண்டில் விளையாட்டுக்காக ஓடைகளில் விட்ட ட்ரவுட் மீன் உள்நாட்டு நீருயிர்களை உண்கிறது. இவற்றோடு விடுமுறை நாட்களில் வண்டி வண்டியாக வந்து குவியும் கூட்டம் வேறு. சித்திரை வசந்த காலத்தில் நுவரெலியா சென்று, ‘உலக முடிவு’ எனும் பள்ளத்தாக்கின் விளிம்பில் நின்று வரும் நம் வைத்தியர்களையும் ஆசிரியர்களையும் சட்டத்தரணிகளையும் நோக்கிக் கேட்கிறோம்: அங்கே மரைக்குத் தின்பண்டம் ஊட்டுவதும், அதனைச் சுற்றி வந்த பொலித்தீனை எறிந்து வருவதும் கற்றவர்க்கு அழகா? வாயில்லாப் பிராணி அந்தப் பொலித்தீனையும் சேர்த்தே விழுங்குகிறது.

இனி நாம் எழுப்பும் வழக்குக்கு வருவோம். மலையுச்சியில் அரசு ஏற்றுக்கொண்ட தத்துவம் எது? நீரேந்து பகுதியைக் கலைக்கலாகாது. உயிர்களுக்கும் மனிதருக்கும் எல்லை வகுத்து அரசே அந்த எல்லையைக் காக்கவேண்டும் என்பதே. இதே தத்துவத்தின் பேரில்தான் நாம் பட்டிப்பளை ஆறு என்று அழைக்கும் கல்லோயாவில், சேனநாயக்க சமுத்திரத்தின் நீரேந்து பகுதியைக் காக்க 1954 இல் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. 1983 இல் மாதுறு ஓயாவிலும் அவ்வாறே செய்யப்பட்டது. தத்துவத்தில் குற்றம் காண்பதற்கில்லை. ஆனால் மேலே பூங்காவை வரைந்த அதே கை, கீழே யானையின் வழித்தடங்களை வெட்டி வெளியாக்கித் திட்டம் திட்டமாகக் காணி பிரித்தது. மேட்டில் காவல், பள்ளத்தில் கைவிடல். யானை, வரைபடத்தைப் படித்து நடக்கும் பிராணியன்று. தன் தாயும் பாட்டியும் நடந்த தடத்திலேயே அது வருகிறது. வந்த இடத்தில் கதிர் முற்றிய வயல் இருக்கிறது.

வெல்லாவெளியிலும் வவுணதீவிலும் கிரானிலும் வாகரையிலும் வாழும் விவசாயி, பெரும்போகம் முழுவதும் பரணில் கண்விழித்துக் கிடக்கிறான். யானைவெடியும் தீப்பந்தமும் ஏந்திக் காத்த பயிர் ஓர் இரவில் மிதிபட்டுப் போகிறது. சில வேளைகளில் காவலிருந்தவனும் போய்விடுகிறான். 2023 ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டில் 450க்கு மேற்பட்ட யானைகளும் 160க்கு மேற்பட்ட மனிதரும் மாண்டனர். 2011 இன் கணக்கெடுப்பில் கண்ட யானைகள் 5,879. இந்த வேகத்தில் இரு தரப்பிலும் பிணம் விழுந்தால் நாளை காக்க யானையும் இராது; கதிர் அறுக்கக் கமக்காரனும் இரான்.

மலையடிவாரத்தில் வாழும் தோட்டத் தொழிலாளியின் நிலையும் இதுவே. கம்பிச் சுருக்கில் சிறுத்தை மாட்டினால் நாடே பதறுகிறது, பதறத்தான் வேண்டும். 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதியில் சுருக்கில் சிக்கிய கருஞ்சிறுத்தை சில நாட்களில் உயிர்விட்டதை நாம் மறக்கவில்லை. ஆனால் கொழுந்து பறிக்கும் வேளையில் சிறுத்தை பாய்ந்து காயமுற்ற பெண்ணுக்காக எத்தனை பேர் பதறினர்? காட்டின் விளிம்பில் வாழ்பவரை ஒரு முறையேனும் அழைத்து, ‘நீர் இதனை எப்படிக் காப்பீர்?’ என்று கேட்டவர் எவர்? கேரளத்தில் மூணாறு அருகேயுள்ள இரவிகுளம் தேசியப் பூங்கா 1978 இல் அமைந்தது. வரையாடும் குறிஞ்சியும் வாழும் அந்தக் குளிர்மலையில் காட்டுத்தீயைத் தடுக்கும் பணியில், காலங்காலமாக அங்கு வாழும் முதுவர் குலத்தினரின் அறிவும் கையும் பயன்படுகின்றன. அருகில் வாழ்பவனைப் பகைவனாக்காது காவலனாக்குவதே அறிவுடைமை.

சட்டம் நம் பக்கம் இல்லையோ என்று ஏங்குபவர்க்கு ஒன்று கூறுவோம். அரசியலமைப்பின் 27(14) ஆம் உறுப்புரை, சமூகத்தின் நன்மைக்காகச் சுற்றாடலைப் பாதுகாத்து, பேணி, மேம்படுத்துதல் அரசின் கடன் என்கிறது. 28 ஆம் உறுப்புரை இயற்கையைக் காப்பதை ஒவ்வொருவரின் கடமையாக்குகிறது. இவற்றை நேரடியாக நீதிமன்றில் வலியுறுத்த முடியாது என்று 29 ஆம் உறுப்புரை கதவடைத்தது உண்மையே. ஆயினும் 2000 ஆம் ஆண்டில், எப்பாவலைப் பொசுபேற்று வழக்கில், விவசாயிகள் உள்ளிட்ட அப்பகுதி மக்கள் தொடுத்த முறையீட்டை ஏற்ற உயர் நீதிமன்றம், நாட்டின் இயற்கை வளத்தை அரசு மக்களின் பொருட்டே பொறுப்பேற்றுக் காக்கிறது என்ற கருத்துக்கு வலுவூட்டியது. 1997 இல் சர்வதேச நீதிமன்றில் நீதியரசர் வீரமந்திரி எழுதிய தனித் தீர்ப்பு, இந்நாட்டின் பண்டைய குளநாகரிகத்தையே, வளர்ச்சியும் இயற்கையும் இணைந்து செல்லலாம் என்பதற்குச் சான்றாக உலகுக்கு எடுத்துக்காட்டியது. ‘சமூகத்தின் நன்மைக்காக’ என்ற சொற்றொடரில் படுவான்கரையின் சமூகமும் அடங்கும். அக்கரபத்தனையின் சமூகமும் அடங்கும். அடங்காது என்று வாதிட எந்தச் சட்டநூலிலும் இடமில்லை.

ஆகவே நாம் கோருவது சலுகையன்று. 2020 இல் நிபுணர் குழு வகுத்த மனித-யானை மோதல் தணிப்புக்கான தேசியச் செயற்றிட்டம் ஒரு தெளிவான வழியைக் காட்டுகிறது. யானைகள் இரு பக்கமும் வாழும் காட்டுக்கு நடுவே திணைக்கள எல்லையில் மின்வேலி போட்டுப் பயனில்லை. கிராமத்தைச் சுற்றி நிலையான வேலியும், வயலைச் சுற்றிப் போகத்துக்கு மட்டும் வேலியும் அமைத்து, அவற்றின் பராமரிப்பை ஊர்மக்களிடமே ஒப்படைக்கவேண்டும் என்பது அது. இதனை மட்டக்களப்பின் எல்லைக் கிராமங்களில் காலவரையறையோடு நிறைவேற்ற வேண்டும். ஆற்றின் தலையையும் வாலையும் ஒன்றாக நோக்கும் ஓர் ஆற்றுப்படுகைச் சபையில், மலைத் தோட்டத் தொழிலாளிக்கும் கடைமடை விவசாயிக்கும் ஆசனம் வேண்டும். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சற்றரைக்காக 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் பண்ணையாளர் அறவழியில் அமர்ந்தது எதனால்? மகாவலித் திட்டத்தின் பேரில் நிலத்தின் பயன் தீர்மானிக்கப்பட்டபோது, அந்நிலத்தில் மாடு மேய்த்தவன் அந்த மேசையில் இல்லாததனாலன்றோ? யானைமுறைப்பாடு கொடுக்கச் செல்பவனுக்குத் தமிழில் படிவமும் தமிழில் மறுமொழியும் கிடைக்கவேண்டும். 1987 இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அது காட்டோர அலுவலகங்களிலும் செல்லுபடியாகவேண்டும்.

அரசை இடித்துரைக்கும் உரிமை, தன் கடமையைச் செய்பவனுக்கே முழுமையாக உண்டு. எனவே நம் விவசாயப் பெருமக்களுக்கும் சில சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டு மின்சாரத்தை நேரே வேலிக்கம்பியில் பாய்ச்சுவது குற்றம் மட்டுமன்று, கொலைப்பொறியும் ஆகும்; அதில் யானை மட்டுமா சாகிறது? அடுத்த வயற்காரனும் அவன் பிள்ளையும் சாகின்றனர். தின்பண்டத்துள் வெடி மறைத்து வைப்பது, வாய் சிதைந்து பல நாள் துடித்துச் சாகும் கொடுமையை ஓர் உயிருக்கு இழைப்பதாகும். அதற்கு எந்தப் பயிரழிவும் நியாயமாகாது. ஆற்றுமணலை இரவோடிரவாக அள்ளி விற்பவனும், காட்டோரத்தை ஆள்வைத்து வெட்டி வளைப்பவனும் எந்த மொழி பேசினும் நம் பகைவனே. பிறர் வெட்டினால் ஆக்கிரமிப்பு, நம்மவர் வெட்டினால் வாழ்வாதாரம் என்று இரட்டை நாக்கால் பேசினால், நம் வழக்கு முதல் தவணையிலேயே தோற்றுவிடும்.

கற்றோர்க்கும் ஒரு வேலை இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம், விண்ணப்பித்த எந்தக் குடிமகனுக்கும் 14 வேலைநாட்களுக்குள் தீர்மானத்தைத் தெரிவிக்க அதிகாரிகளைக் கட்டுப்படுத்துகிறது. ஒவ்வொரு கமக்காரர் அமைப்பும் ஓர் ஆசிரியரையோ சட்டத்தரணியையோ அருகிருத்தி, தன் கிராமத்துக்கு வேலி எப்போது, நிதி எவ்வளவு, பொறுப்பாளர் யார் என்று எழுத்தில் கேட்கட்டும். மறுமொழி வந்தால் அது சான்று. வராவிட்டால் அதுவும் சான்று. வாய்ப்பேச்சில் கரையும் குறை, கோப்பில் ஏறினால் கரையாது. மேடையில் முழங்கிக் கலைவது விழலுக்கு இறைத்த நீர். கடிதம் எழுதித் தொடர்வது வயலுக்கு இறைத்த நீர்.

நம் முன்னோர் நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று பகுத்தபோது ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்தவில்லை. மலையில் பிறந்தது வயலில் தவழ்ந்து கழியில் கலக்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். ஹோட்டன் சமவெளியில் நெலு என்னும் குறிஞ்சியினம் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கிறது. அதைக் காணக் கூட்டம் கூடுவது நன்றே. ஆனால் அந்தப் பூவுக்குக் கிடைக்கும் காவலில் ஒரு பங்கேனும், ஆண்டுதோறும் பெரும்போகத்தில் பூத்துக் கதிராகும் நெல்லுக்கும் கிடைக்கவேண்டும். அதன் பக்கத்தில் கண்விழித்திருக்கும் உழவனுக்கும், வழி தடுக்கப்பட்டுத் திகைத்து நிற்கும் யானைக்கும் கிடைக்கவேண்டும்.

ஹோட்டன் சமவெளி காக்கப்படட்டும். அதற்கு நாம் முன்னின்று குரல் கொடுப்போம். அந்த மலையைக் காக்கும் சட்டம், அதே கண்டிப்போடும் அதே கருணையோடும் படுவான்கரைக்கும் இறங்கி வரட்டும். வரும்வரை நாம் ஓயப்போவதில்லை.